ஒரு பைக்குப் பதினேழு லிட்டர்

திருவனந்தபுரத்து மொட்டைமாடித் தோட்டங்களுக்குக் குறைந்த செலவில் நல்ல கலவை கிடைக்க வழி இருக்கிறது. அதற்கு வேண்டிய பொருள்களில் பெரும்பகுதியை இந்த நகரமும் சுற்றுவட்டாரமும் கழிவென்று ஒதுக்குகின்றன.

கேரளத்து மொட்டைமாடிகளில் பரவலாகக் காணப்படும் குரோபேக் என்ற செடிவளர்ப்புப் பையின் அடிப்பாகம் 24 சென்டிமீட்டர் சதுரம், உயரம் 40 சென்டிமீட்டர். விளிம்புவரை நிரப்பினால் 23 லிட்டர் கொள்ளும். தண்ணீர் ஊற்ற மேலே இடம் விட்டு முக்கால்வாசி நிரப்பினால் 17 லிட்டர். கத்தரியோ, தக்காளியோ, வெண்டையோ, எதை வைத்தாலும் அதன் வேருக்கு வாய்த்தது அந்த 17 லிட்டர்தான். நிலத்தில் நிற்கும் செடி தண்ணீரைத் தேடிக் கீழே போகும், சத்தைத் தேடிப் பக்கவாட்டில் போகும். பைக்குள் நிற்கும் செடிக்கு அந்த வழியில்லை. நாம் உள்ளே போட்டதைக் கொண்டே அது பிழைக்க வேண்டும்.

மாடியில் 25 பை வைக்க நினைக்கும் குடும்பத்துக்கு 425 லிட்டர் கலவை தேவை. ஆனால் கடைகளில் கலவை பெரும்பாலும் கிலோவில்தான் விற்கப்படுகிறது. அங்கேதான் பணம் வீணாகத் தொடங்குகிறது. கிலோவில் விற்கும் பொருளின் எடையைச் செலவில்லாமல் கூட்ட இரண்டு வழிகள் உண்டு. ஒன்று தண்ணீர், மற்றொன்று மண். மண்புழு உரத்தில் ஈரம் 15 முதல் 25 சதவீதம் இருக்கலாம் என்று 1985ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணையின்கீழ் வகுத்த தரம் சொல்கிறது. 25 சதவீத ஈரமுள்ள பத்து கிலோ பையில் உலர்ந்த உரம் ஏழரை கிலோ. 45 சதவீத ஈரமென்றால் ஐந்தரை கிலோ. இரண்டு பைக்கும் ஒரே விலை. பொலபொலவென்று கறுப்பாக இருப்பதைப் பார்த்து மகிழ்ந்து வாங்கி வருகிறோம். இரண்டு கிலோ தண்ணீரையும் உர விலைக்கே வாங்கியிருக்கிறோம் என்பது தெரிவதில்லை.

கலவையை லிட்டரில் அளந்து, பொருள்களைத் தனித்தனியே வாங்கி, வீட்டிலேயே கலந்துகொள்ள வேண்டும் என்பதே நான் இங்கே வற்புறுத்துவது. தொட்டிக்கலவையின் முதல் வேலை வேருக்குக் காற்றும் ஈரமும் ஒருசேரக் கொடுப்பது. உணவைப் பிறகு சிறிது சிறிதாகக் கொடுத்துக்கொள்ளலாம். அமைப்பு கெட்ட கலவையைச் செடி நட்ட பிறகு யாராலும் திருத்த முடியாது.

இது புதிய பாடமும் இல்லை. 1930களில் இங்கிலாந்தின் ஜான் இன்னெஸ் தோட்டக்கலை நிறுவனத்தில் ஆராய்ந்து வகுத்த தொட்டிக்கலவை உலகெங்கும் பேர்பெற்றது. கிருமிநீக்கிய வண்டல் மண் ஏழு பங்கு, பீட் எனும் சதுப்புநில மக்கு மூன்று பங்கு, மணல் இரண்டு பங்கு. எல்லாம் பரும அளவில்தான், எடையில் இல்லை. யாரும் செய்துகொள்ளும்படி அந்த அளவுகளை வெளிப்படையாக அறிவித்தார்கள். நமக்கும் அப்படியொரு செய்முறை வேண்டும், நம் மண்ணுக்கும் மழைக்கும் பொருந்துகிற மாதிரி.

காய்கறி பயமும் மாடித் தோட்டமும்

நகரத்தின் சாலைத் தெருவுக்கும் பாளையம் சந்தைக்கும் வரும் காய்கறியில் பெரும்பங்கு தமிழ்நாட்டிலிருந்து வருகிறது. வடசேரிச் சந்தையிலிருந்தும் திருநெல்வேலிப் பக்கமிருந்தும் விடிவதற்குள் லாரிகள் வந்து இறங்கிவிடும். பூச்சிமருந்து எச்சம் பற்றிய அச்சம் கேரளத்தில் பரவிய பிறகு வீட்டு மாடிகள் தோட்டங்களாயின. காய்கறிகளில் மருந்து எச்சத்தைச் சோதிக்கும் ஆய்வகம் நகரத்தின் தெற்கே வெள்ளாயணி வேளாண் கல்லூரியில்தான் இயங்குகிறது. அரசும் 25 பை கொண்ட தொகுப்புகளை மானியத்தில் கொடுத்தது. பை கிடைத்தது, நாற்று கிடைத்தது. முதல் பருவம் முடிந்ததும், அடுத்த பருவத்துக்குக் கலவைக்கு என்ன செய்வது என்ற கேள்வியில் பல மாடிகள் நின்றுபோயின. காலிப் பைகள் அடுக்கிக் கிடக்கும் மாடிகளை இந்த நகரத்தில் எந்தத் தெருவிலும் பார்க்கலாம்.

அஞ்சுதெங்கின் குவியல்

மலிவான கலவைக்கு அடித்தளம் தென்னை நார்த்தூள். மலையாளத்தில் சகிரிச்சோறு. இதற்கு இந்த மாவட்டத்தைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. நகரத்துக்கு வடக்கே அஞ்சுதெங்கு, சிறையின்கீழ், கடினங்குளம் பக்கமெல்லாம் தலைமுறை தலைமுறையாகக் காயலில் மட்டையை ஊறவைத்துக் கயிறு திரித்தவர்களின் ஊர்கள். கயிறு வணிகத்தில் அஞ்சுதெங்கு என்பது ஒரு கயிற்று ரகத்தின் பெயராகவே வழங்குகிறது. ஒரு கிலோ நார் எடுத்தால் ஏறக்குறைய இரண்டு கிலோ தூள் மிஞ்சும். அந்தத் தூள் நீண்டகாலம் யாருக்கும் வேண்டாத கழிவாகக் குன்று குன்றாகக் குவிந்து கிடந்தது. மழையில் அதிலிருந்து வடியும் பழுப்பு நீர் கிணற்றைக் கெடுத்தது. கோடையில் தீப்பிடித்தால் நாள்கணக்கில் புகைந்தது.

பிறகு ஐரோப்பாவில் தொட்டிக்கலவைக்காகப் பீட் வெட்டுவதற்கு எதிரான குரல் வலுத்தது. பீட் சதுப்பு ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவே வளரும், வெட்டியெடுத்தால் ஈடுகட்ட ஆயிரமாண்டு ஆகும். மாற்றாக நார்த்தூளை அழுத்திக் கட்டியாக்கிக் கப்பலேற்றினார்கள். 2020-21இல் இந்தியாவின் கயிறு, கயிற்றுப்பொருள் ஏற்றுமதி 3,778.98 கோடி ரூபாயைத் தொட்டது. அதில் மதிப்பில் முன்னால் நின்றது நார்த்தூள். நெதர்லாந்தின் கண்ணாடிக் கூடங்களில் காய்க்கும் தக்காளிக்குப் பொள்ளாச்சியின் தூளும் ஆலப்புழையின் தூளும் மெத்தை போடுகின்றன. அதே பொருளுக்கு நம் வீட்டு மாடியிலும் இடமிருக்கிறது.

ஐந்து கிலோ கட்டி ஒன்றைத் தண்ணீரில் ஊறவைத்தால் 70 லிட்டருக்கு மேல் உப்பி வரும். 650 கிராம் செங்கல் கட்டி எட்டு, ஒன்பது லிட்டர் ஆகும். நர்சரியில் ஈரமாக அள்ளிப் பையில் கட்டி வைத்திருக்கும் நார்த்தூளை வாங்காதீர்கள். நார்த்தூள் தன் எடையைப்போல ஐந்து முதல் எட்டு மடங்கு தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் அங்கே விலை கொடுத்து வாங்குவது பெரும்பாலும் தண்ணீரைத்தான். உலர்ந்த பெரிய கட்டியே லிட்டருக்கு மிகக் குறைந்த விலையில் முடியும்.

வாங்கியதும் அப்படியே போட்டுவிட முடியாது. நார்த்தூளுக்கு இரண்டு குறைகள் உண்டு. முதலாவது உப்பு. உப்பங்கழியில் ஊறிய மட்டையின் தூளில் சோடியமும் குளோரைடும் தங்கியிருக்கும். கடலோரத் தென்னையின் பச்சை மட்டைத் தூளிலும் ஓரளவு இருக்கும். அப்படிப்பட்ட தூளில் நட்ட நாற்றின் இலை நுனி கருகும், வேர் பழுப்பேறி நின்றுவிடும். இதற்கு மிக மலிவான மருந்து திருவனந்தபுரத்திலேயே வானத்திலிருந்து விழுகிறது. இங்கே ஆண்டுக்குச் சுமார் 1,800 மில்லிமீட்டர் மழை. ஜூனில் ஒருமுறை, அக்டோபர், நவம்பரில் மறுமுறை. துளையிட்ட சாக்கில் தூளைக் கட்டி மழையில் சில வாரம் போட்டு வைத்தால் கரையும் உப்பு கழுவிப் போய்விடும். கோடையில் செய்பவர்கள் மூன்று முறை ஊறவைத்துப் பிழிய வேண்டும். தூளோடு ஒட்டிக்கொண்ட சோடியத்தை நீர் மட்டும் பெயர்க்காது, அதற்குக் கால்சியம் வேண்டும். ஏற்றுமதி நிறுவனங்கள் கால்சியம் நைட்ரேட்டில் ஊறவைக்கின்றன. வீட்டில் ஜிப்சமோ டோலமைட்டோ ஒரு பிடி கலந்து நனைத்து வைத்தால் போதும்.

இரண்டாவது குறை பசி. மக்காத நார்த்தூளில் கரியும் தழைச்சத்தும் 112க்கு ஒன்று என்ற விகிதத்தில் இருக்கின்றன. அந்தக் கரியைத் தின்ன வரும் நுண்ணுயிர்கள் செடிக்கு வைத்த தழைச்சத்தை முதலில் எடுத்துக்கொள்ளும். செடி வெளிறி நிற்கும், நாம் நோய் என்று நினைப்போம். சிப்பிக் காளான் வித்தைத் தூவி, டன்னுக்கு ஐந்து கிலோ யூரியா சேர்த்து மக்கவைத்தால் இரண்டு மாதத்தில் விகிதம் 24க்கு ஒன்றாக இறங்கும் என்று தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் காட்டியது. கயிறு வாரியத்தின் கலவூர் ஆய்வு நிறுவனம் இதே வேலைக்குப் பித்பிளஸ் என்ற காளான் கலவையை உருவாக்கியது. ஓரிரு கட்டி வாங்கும் வீட்டில் இதையெல்லாம் செய்ய வேண்டியதில்லை. கழுவிய தூளோடு சாணக் கரைசலைக் கலந்து, சாக்குப் போட்டு மூடி, ஈரம் காயாமல் இரண்டு மாதம் நிழலில் வைத்தால் பசி பெரும்பாலும் அடங்கிவிடும். அவசரமாக நடுபவர்கள் முதல் மாதத்தில் தழைச்சத்தைக் கொஞ்சம் கூட்டிக் கொடுக்க வேண்டும்.

செம்மண்ணின் புளிப்பு

முழுக்க நார்த்தூளில் வளர்த்தால் தினமும் உணவு ஊற்ற வேண்டிவரும். மண் கொஞ்சம் இருந்தால் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும். திருவனந்தபுரத்தில் கிடைப்பது சரளைச் செம்மண். கேரளத்தின் மண் பெரும்பாலும் புளிப்பு. மாநிலம் முழுக்க மண்ணைச் சோதித்து 2013இல் வெளியான ஆய்வு, புளிப்புத்தன்மை எங்கும் பரவியிருப்பதையும், மக்னீசியமும் போரானும் பல இடங்களில் குறைந்திருப்பதையும், மணிச்சத்தோ தேவைக்கு மேல் சேர்ந்திருப்பதையும் காட்டியது. புளித்த மண்ணில் போட்ட உரம் செடிக்கு முழுதாகப் போய்ச் சேராது. தக்காளியும் மிளகாயும் பச்சையாகவே ஒரே நாளில் தொங்கிச் சாகும் பாக்டீரியா வாடல் நோய்க்கும் இந்த மண் தோதானது.

எனவே உரத்துக்கு முன்னால் சுண்ணாம்பு. கடைகளில் கும்மாயம் என்று கேளுங்கள். சாலைத் தெருவில் தமிழில் கேட்டாலும் எடுத்துத் தருவார்கள். பைக்கு 50 கிராம் அளவு மண்ணோடு பிசறி, நனைத்து, இரண்டு வாரம் ஆறவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் தொழுவுரமும், ட்ரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சையும். சுண்ணாம்பையும் நுண்ணுயிர் உரத்தையும் ஒரே நாளில் போட்டால் இரண்டாவதற்குக் கொடுத்த காசு வீண். தக்காளியில் சக்தி, முக்தி, அனகா, மிளகாயில் உஜ்வலா போன்றவை வாடல் நோயைத் தாங்குவதற்காகக் கேரள வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட ரகங்கள். மண்ணோடு மல்லுக்கட்டுவதைவிட அந்த விதையைத் தேடி வாங்குவது செலவு குறைந்த வழி.

கலவையில் மண் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம் என்பதற்கு வீட்டுக்கூரையும் ஒரு காரணம். ஈர மண்ணால் நிரப்பிய பை 28 கிலோ வரை எடை காட்டும். ஆள் ஏறிப் புழங்கும் மொட்டைமாடிக்கு இந்தியத் தர நிர்ணயம் கணக்கில் கொள்ளும் சுமை சதுர மீட்டருக்கு 150 கிலோ அளவு. அதாவது ஐந்து மண் பை. நெருக்கி வைத்தால் அதே சதுர மீட்டரில் 16 பை நிற்கும், சுமை 450 கிலோ ஆகிவிடும். மழைக்காலத்தில் விரிசல் விட்டுக் கசியும் மாடிகளைப் பார்த்திருப்பீர்கள். பாதிக்கு மேல் நார்த்தூளும் மக்கும் உள்ள பை கிட்டத்தட்டப் பாதி எடைதான்.

வடிகாலுக்காக ஆற்று மணலைக் கேட்காதீர்கள். மணல் அள்ளுவதைக் கட்டுப்படுத்தும் கேரளச் சட்டம் 2001இலிருந்து இருக்கிறது, கரமனை ஆறும் வாமனபுரம் ஆறும் பட்டபாடு போதும். எம்-சாண்ட் என்றால் மாவு போன்ற துகளைச் சலித்து எறிந்துவிட்டுப் போட வேண்டும், இல்லாவிட்டால் சிமென்ட் மாதிரி இறுகும். நெல் உமியோ உமிக்கரியோ கிடைத்தால் இரண்டையும்விட நல்லது.

தொட்டிக்கு அடியில் ஓட்டுச்சில்லும் சரளைக்கல்லும் பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்று பலரும் இன்னும் சொல்கிறார்கள். அது வடிகாலுக்கு உதவாது. எந்தக் கலவையும் அடியில் குறிப்பிட்ட உயரத்துக்கு நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த உயரத்தைத் தீர்மானிப்பது கலவையின் துகள் அளவு. கீழே கல் பரப்பினால் அந்த ஈர மட்டம் கல்லின் மேலே ஏறி நிற்கும், வேருக்கு இருக்கும் இடம்தான் குறையும். துளையை அடைக்காமல் ஒரே ஒரு சில்லு வைத்தால் போதும்.

விளப்பில்சாலை கற்றுத்தந்தது

மூன்றாவது பங்கு மக்கிய உரம். இந்த நகரத்தின் கதையே அதில்தான் இருக்கிறது. 2000இல் விளப்பில்சாலை என்ற கிராமத்தில் குப்பையை உரமாக்கும் ஆலை தொடங்கியது. நகரத்தின் கலப்புக் குப்பை முழுவதும் அங்கே போய்க் குவிந்தது. உரமாக்கும் திறனைவிட வந்து சேர்ந்த குப்பை அதிகம். நாற்றம் ஊரைச் சூழ்ந்தது, கசிந்த கரிய நீர் கரமனை ஆற்றில் சேரும் ஓடையில் கலந்தது. ஊர் மக்கள் போராடி, 2011 டிசம்பரில் பஞ்சாயத்து ஆலையை மூடியது. 2012இல் போலீஸ் காவலோடு திறக்க முயன்றபோதும் பெண்களும் முதியவர்களும் சாலையில் உட்கார்ந்து தடுத்தார்கள். அவர்கள் செய்தது நியாயம். ஒரு நகரம் தின்று கழித்ததை ஒரு கிராமம் முகர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

அதன்பிறகுதான் நகரம் தன் கழிவை அது உண்டாகும் இடத்திலேயே மக்கவைக்கக் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. வீட்டுக்கு அடுக்குத் தொட்டி, தெருவுக்கு ஏரோபிக் பின். பின்னதற்கு வழிகாட்டியது திருச்சூர் மாவட்டத்தில் தும்பூர்முழி என்ற இடத்தில் கால்நடைப் பல்கலைக்கழகப் பண்ணையில் உருவான முறை. நான்கடி நீளம், நான்கடி அகலம், நான்கடி உயரம், நாலு பக்கமும் காற்றுப்போக இடைவெளி. ஓர் அடுக்குப் பச்சைச் சாணம், ஓர் அடுக்குச் சருகு, ஓர் அடுக்குக் கழிவு. கிளறவே வேண்டாம். உள்ளே சூடு 70 டிகிரி வரை ஏறும், நோய்க்கிருமியும் களை விதையும் அதில் அழியும். 90 நாளில் உரம். வெள்ளாயணி வேளாண் கல்லூரி, கழிவை வெப்பத்தாலும் வேதிப்பொருளாலும் ஒரு நாளுக்குள் உரமாக்கும் முறையொன்றையும் உருவாக்கி, அந்த உரத்துக்குச் சுசித என்று பெயரிட்டது. ஆலப்புழை நகரமும் 2012 முதல் இதே பாதையில் நடந்தது. ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் அமைப்பு 2017இல் குப்பை மேலாண்மைக்கு எடுத்துக்காட்டாகச் சுட்டிய ஐந்து நகரங்களில் அதுவும் ஒன்று.

மாடித் தோட்டக்காரருக்கு இதில் என்ன பயன்? நான்கு பேர் உள்ள வீட்டில் நாளுக்கு ஒரு கிலோ சமையல் கழிவு என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 365 கிலோ. மக்கி முடிந்தால் ஐந்தில் ஒரு பங்கு மிஞ்சும், ஏறக்குறைய 75 கிலோ, பருமத்தில் 120 லிட்டர். 25 பைக்கு ஒரு பை ஐந்து லிட்டர் வீதம் வேண்டியது 125 லிட்டர். வீட்டுக் கழிவும் வீட்டுத் தோட்டமும் ஒன்றுக்கொன்று அளவெடுத்துத் தைத்த சட்டை போல் பொருந்துகின்றன.

பிரித்த கழிவில் வந்த உரத்துக்கும் கலப்புக் குப்பையில் வந்த உரத்துக்கும் உள்ள வேறுபாட்டை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பேட்டரியும் டியூப்லைட்டும் கிடந்த குப்பையில் ஈயமும் காட்மியமும் கலக்கும். நகரக் கழிவு உரத்தில் கிலோவுக்கு ஈயம் 100 மில்லிகிராம், காட்மியம் 5 மில்லிகிராம் தாண்டக் கூடாது என்பது உரக் கட்டுப்பாட்டு ஆணையின் வரம்பு. கீரை தின்பதற்காக வளர்க்கும் தொட்டியில், இந்தச் சோதனைச் சான்று இல்லாத நகர உரத்தைப் போட வேண்டாம் என்பேன்.

வீட்டு உரத்தின் குறை உப்பு. குழம்பும் ஊறுகாயும் மிஞ்சியதெல்லாம் தொட்டிக்குள் போவதால் அது கூடும். ஆகவே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அது வேண்டாம். முதிர்ந்ததா என்று அறியப் பாசிப்பயறு போதும். ஒரு சிரட்டையில் உரம், இன்னொன்றில் கழுவிய மண், இரண்டிலும் பத்துப் பத்துப் பயறு போட்டு நனைத்து வையுங்கள். ஐந்தாம் நாள் இரண்டிலும் ஒரே மாதிரி முளைத்திருந்தால் உரம் தயார். உரத்தில் முளை கருகியோ வளைந்தோ இருந்தால் இன்னும் ஒரு மாதம் ஆற வேண்டும். கடையில் வாங்கும் மண்புழு உரத்துக்கும் இதே சோதனைதான். அம்மோனியா நெடி அடிக்கும் பையைத் திருப்பிக் கொடுங்கள். பச்சைச் சாணத்தை நேரடியாகப் போடுவதும் வேண்டாம். வேர் வெந்துபோகும், கொம்பன் வண்டின் புழுவும் கூடவே வந்து சேரும்.

உணவு வேறு, மெத்தை வேறு

தழைச்சத்துக்காக மண்புழு உரம் வாங்குபவர்கள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். அதில் ஒரு சதவீதம் தழைச்சத்து இருந்தாலே தரம் தேறிவிடும். பத்து கிலோவில் 100 கிராம். வேப்பம்புண்ணாக்கில் ஐந்து சதவீதமும் கடலைப்புண்ணாக்கில் ஏழு சதவீதமும் இருக்கும். அதே 100 கிராம் தழைச்சத்து ஒன்றரை கிலோ கடலைப்புண்ணாக்கிலேயே கிடைத்துவிடுகிறது. மண்புழு உரத்தில் உயிர் இருக்கிறது, அமைப்பு இருக்கிறது, அதற்காகக் கொஞ்சம் போடலாம். வயிறு நிரப்ப அதை நம்பினால் செலவு கட்டாது.

கலவையிலேயே எல்லா உரத்தையும் கொட்டி வைப்பதும் இந்த ஊருக்கு ஆகாது. ஜூனில் தொடங்கும் இடவப்பாதி மழை இரண்டு வாரம் பெய்தால் பைக்குள் இருந்த தழைச்சத்தும் சாம்பல்சத்தும் துளை வழியே சாக்கடைக்குப் போய்விடும். கடலைப்புண்ணாக்கையும் சாணத்தையும் சேர்த்துப் புளிக்கவைத்து, தெளிந்த நீரைப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து வாரம் ஒருமுறை ஊற்றுவது இங்குள்ள தோட்டக்காரர்கள் பலரும் கடைப்பிடிக்கும் முறை. அதுவே சரி. நடுநரம்பு பச்சையாக இருக்க இலை மஞ்சளானால் மக்னீசியக் குறை என்று சந்தேகப்படுங்கள். ஒரு சிட்டிகை எப்சம் உப்பில் தீரக்கூடியதற்கு விலையுயர்ந்த டானிக் வேண்டாம்.

கலவையும் கணக்கும்

ஒரு பைக்கு: கழுவி ஆறவைத்த நார்த்தூள் ஆறு லிட்டர், சுண்ணாம்பு கலந்து ஆறிய செம்மண் ஆறு லிட்டர், முதிர்ந்த உரம் ஐந்து லிட்டர். வேப்பம்புண்ணாக்கு 100 கிராம், எலும்புத்தூள் ஒரு பிடி. மாலையில் கலந்தால் மறுநாள் காலைக்குள் சற்று அமுங்கும். சிறு துகள் பெரிய துகளின் இடுக்கில் போய் அமர்வதுதான் காரணம். பத்தில் ஒரு பங்கு கூடுதலாகவே கலந்து வைத்துக்கொள்ளுங்கள். வாடல் நோயும் வேரழுகலும் வந்த மாடிகளில் உரப் பங்கைத் தனியாகத் தயார் செய்யலாம். ட்ரைக்கோடெர்மா ஒரு கிலோ, வேப்பம்புண்ணாக்கு பத்து கிலோ, பொடித்த காய்ந்த சாணம் 90 கிலோ என்பது வேளாண் பல்கலைக்கழகத்தின் அளவு. வீட்டுக்கு அதில் பத்தில் ஒரு பங்கு போதும். ஈரமாக நிழலில் மூடி இரண்டு வாரம் வைத்தால் பூஞ்சை வெண்பச்சையாகப் படர்ந்துவிடும்.

விலை கடைக்குக் கடை மாறும். கணக்குப் போடும் முறையைக் காட்டவே இந்த எண்கள். 17 லிட்டர் நிரப்பும் ஆயத்தக் கலவை 250 ரூபாய் என்றால் 25 பைக்கு 6,250 ரூபாய். சொந்தக் கலவைக்கு நார்த்தூள் 150 லிட்டர், அதாவது ஐந்து கிலோ கட்டி இரண்டு, கட்டிக்கு 250 வீதம் 500 ரூபாய். மண்ணுக்கு வண்டிக்கூலியோடு 600. சுண்ணாம்பு, புண்ணாக்கு, எலும்புத்தூள் 500. உரம் வீட்டில் ஆனது. மொத்தம் 1,600, பைக்கு 64 ரூபாய். வீட்டு உரம் இல்லாமல் 80 கிலோவைக் கிலோ 15 ரூபாய்க்கு வாங்கினாலும் 2,800தான், பைக்கு 112. உங்கள் கடையின் விலைகளைப் போட்டுப் பாருங்கள்.

பெரிய மிச்சம் இரண்டாம் பருவத்தில். பயிர் முடிந்த கலவையைத் தூக்கி எறிபவர்கள் ஏராளம். எறிய வேண்டாம். வேரைப் பொறுக்கிவிட்டு, மார்ச், ஏப்ரல் வெயிலில் தரையில் பரப்பி, நனைத்து, கண்ணாடி போன்ற பாலித்தீன் தாளால் ஓரம் மண் வைத்து மூடி ஒரு மாதம் விடுங்கள். நூற்புழுவும் வாடல் கிருமியும் பெருமளவு மடியும். பிறகு கொஞ்சம் சுண்ணாம்பு, மூன்றில் ஒரு பங்கு புது உரம். தக்காளி நின்ற கலவையில் அடுத்துப் பயறோ கீரையோ வையுங்கள், கத்தரியும் மிளகாயும் வேண்டாம். இப்படி நடத்தினால் நார்த்தூள் இரண்டு மூன்று ஆண்டு தாங்கும்.

சருகைப் பற்றியும் சொல்ல வேண்டும். மா, பலா, தூங்குமூஞ்சி உதிர்த்த இலைகளைக் கூட்டித் தீவைக்கும் புகை ஜனவரி, பிப்ரவரி மாதக் காலைகளில் இந்த நகரத்தின் சந்துகளில் இன்னமும் எழுகிறது. ஆறு மாதம் சாக்கில் ஈரமாகக் கட்டி வைத்தால் அந்த இலை நார்த்தூளுக்கு நிகரான இலைமக்கு. அதில் உப்பில்லை, விலையில்லை. எரிப்பவரிடம் கேட்டால் சாக்கு சாக்காகக் கொடுத்துவிடுவார்.

மாநகராட்சியிடமும் கிருஷி பவன் எனும் வேளாண் அலுவலகங்களிடமும் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. ஏரோபிக் பின்களில் பிரித்த கழிவிலிருந்து உரம் உருவாகிறது. அதை ஒவ்வொரு தொகுதியாகச் சோதித்து, ஈரம், உப்பு, கரி-தழைச்சத்து விகிதம், ஈயம் ஆகிய நான்கு எண்களைச் சாக்கின்மேல் அச்சிட்டு, லிட்டர் கணக்கில் அந்தந்த வார்டிலேயே விற்கலாம். வெள்ளாயணியில் ஆய்வுத் திறன் இருக்கிறது, கழிவுக்கும் குறைவில்லை, வாங்கத் தோட்டக்காரர்களும் இருக்கிறார்கள். சான்றோடு கூடிய உரம் கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்தால் காலிப் பைகள் மீண்டும் நிரம்பும், கழிவைப் பிரிப்பவருக்கும் அதன் பயன் கண்ணால் தெரியும். அடுத்த வார்டு சபைக் கூட்டத்தில் இந்தக் கோரிக்கையை எழுதிக் கொடுங்கள்.